பழைய ஓட்டு வீடும் கருத்துக் கேட்பும்: என்ன எழுதிக் கொடுக்கலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் பகுதிக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கிறார்கள். பழமையான கட்டிடங்களைப் பாதுகாப்பது, கட்டிடத் தரத்தை உயர்த்துவது பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். எங்களுடையது தாத்தாவின் அப்பா கட்டிய ஓட்டு வீடு. வாய் திறந்தால் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள், அப்புறம் சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கணும் என்கிறார் அப்பா. சொல்லாமல் விட்டால் நாளைக்குச் சாலை அகலப்படுத்த இடித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். என்ன செய்வது?"

போய்ச் சொல்லுங்கள் தம்பி. எழுத்தில் கொடுங்கள். அப்பாவின் பயமும் நியாயமானதுதான், அதனால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் "எங்கள் வீட்டைப் பாதுகாக்க வேண்டும்" என்று ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பழைய கட்டிடத்தை எப்படிப் பழுதுபார்க்க வேண்டும் என்பதை விதியில் எழுதுங்கள் என்று கேளுங்கள். முப்பது வருடமாகக் கட்டிட வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் மண்சுவரும் வெட்டுக்கல்லும் மரக்கூரையும் உள்ள வீடுகளில்தான் கழிந்தது. இடிப்பதால் போன வீடுகளுக்குச் சமமாக, தப்பாகப் பழுதுபார்த்ததால் போன வீடுகளையும் நம் மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

முதலில் அப்பாவின் பயத்தைப் பார்ப்போம். அவர் மனதில் இருப்பது மத்தியத் தொல்லியல் துறையின் சட்டம். 1958-இல் வந்த அந்தச் சட்டத்தை 2010-இல் திருத்தினார்கள். அதன்படி, அந்தத் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கட்டக்கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். நம் மாவட்டத்தில் வட்டக்கோட்டை, சிதறால் மலைச் சமணச் சின்னங்கள் போன்றவற்றைச் சுற்றி இது பொருந்தும். அங்கேயும் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கத் தடை எதுவும் இல்லை. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால் 100 மீட்டருக்குள் இருந்தாலும் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறது என்பது உண்மை. அந்த அலைச்சலில்தான் "தொல்லியல் துறை வந்தால் வீடு போச்சு" என்ற பேச்சு பிறந்தது.

உங்கள் ஊரில் ஒட்டியிருப்பது அந்த அறிவிப்பு இல்லை. முழுமைத் திட்டம் என்பது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எந்தச் சாலை எவ்வளவு அகலம், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று வரைந்து வைக்கும் திட்டம் அது. வரைவை வெளியிட்டபின் ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த இரண்டு மாதத்தில் கொடுத்த மனுவுக்கு இருக்கும் மதிப்பு, பின்னால் நடத்தும் எந்தப் போராட்டத்துக்கும் இருக்காது. சாலைக் கோடு உங்கள் திண்ணை வழியாகப் போகிறதா என்று வரைபடத்தில் இப்போதே பாருங்கள். சர்வே எண்ணைச் சொன்னால் உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்தில் காட்டுவார்கள்.

திட்டத்தின் கீழ் வரும் பட்டியலில் சேர்ந்தாலும் வீடு உங்கள் வீடுதான். விற்கலாம், பாகம் வைக்கலாம், குடியிருக்கலாம். மாற்றிக் கட்டுவதில்தான் கட்டுப்பாடு வரும். அந்தக் கட்டுப்பாட்டையும் எல்லாக் கட்டிடத்துக்கும் ஒரே மாதிரி வைக்கத் தேவையில்லை. பம்பாயில் 1995-இலேயே மூன்று தரமாகப் பிரித்து விதி போட்டார்கள். முதல் தரத்தில் உள்ளும் புறமும் கை வைக்க முடியாது. மூன்றாம் தரத்தில் தெருவின் தோற்றம் கெடாமல் நிறையவே மாற்றலாம். நம் ஊர் ஓட்டு வீடுகளில் பெரும்பாலானவை அந்த மூன்றாம் தரத்தில்தான் வரும். இப்படித் தரம் பிரித்துச் செய்யுங்கள், எந்தத் தரத்தில் எதைச் செய்யலாம் என்று முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுங்கள் என்று உங்கள் மனுவில் கேளுங்கள். அப்பாவுக்குப் பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

சரி, பட்டியல் மட்டும் போதாது என்று ஏன் சொல்கிறேன்? புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மேரி கட்டிடம் என்று ஒன்று இருந்தது, பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மண்டபம். அதன் அருமை ஊருக்கெல்லாம் தெரியும். சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு பல வருடம் நடந்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. இப்போது அங்கே நிற்பது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டியது. எல்லாரும் மதித்த ஒரு கட்டிடத்தின் கூரையில் இறங்கிய தண்ணீரை நிறுத்த ஆளில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் மாவட்டத்தில் தண்ணீர்தான் முதல் எதிரி. ஜூன் வாக்கில் இடவப்பாதியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று வருடத்தில் இரண்டு தடவை சுவர் நனைகிறது. நம் முன்னோர் இதைத் தெரிந்துதான் கட்டினார்கள். கருங்கல் அஸ்திவாரத்தை உயர்த்தி, அதன்மேல் மண்சுவரோ வெட்டுக்கல்லோ வைத்து, சுண்ணாம்புச் சாந்து பூசி, கூரையின் இறவாணத்தைச் சுவரைத் தாண்டி வெளியே இழுத்துவிட்டார்கள். தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதனால் நனைந்த சுவர் வெயில் வந்ததும் காய்ந்துவிடும்.

அந்தச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. அது மேலே மேலே ஏறும். உள்ளிருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, பூச்சைத் தள்ளிவிடும். உள்ளே மண் பிசுபிசுத்துப்போகும். உத்தரமும் கழுக்கோலும் (ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கம்பு) சுவரில் புதைந்திருக்கும் முனைகள் இற்றுப்போகும், அந்த ஈரத்துக்குச் சிதலும் வரும். வேலை பழகிய காலத்தில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு நல்ல வீடு, அயினி மரத்தில் கூரை, நாலு தலைமுறை பார்த்தது. அடிச்சுவர் கொஞ்சம் உதிர்ந்திருந்தது என்று இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது இடுப்புக்கு மேலே சுவர் வயிறு தள்ளி நின்றது. அந்தச் சுவரைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் வயசான கொத்தனார் ஒருவரிடம் போய்ச் சுண்ணாம்பு வேலையை முதலிலிருந்து கற்றுக்கொண்டேன்.

அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பல நாள் வைக்க வேண்டும். கடுக்காயையும் கருப்பட்டியையும் தனியாக ஊறவைத்துப் புளிக்கவிட்ட தண்ணீரைச் சேர்த்து மணலோடு அரைக்க வேண்டும். பூசியபின் அவசரப்படக்கூடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக உறிஞ்சித்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகும், அதற்கு மாதக்கணக்கு ஆகும். கருப்பட்டி காய்ச்சும் ஊரில் இருந்துகொண்டு இந்த வேலையை மறந்துவிட்டோமே என்று நினைத்தால் மனசு கனக்கிறது. செலவு கூடுதல்தான், அதை மறைக்கவில்லை. ஆள் கிடைப்பதும் கஷ்டம்.

உங்கள் பக்கத்திலேயே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும்போது எல்லாரும் பூமுகத்துச் செதுக்கலையும் கட்டிலையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த முறை ஒரு மழை நாளில் போய் நின்று, தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். அடுக்கடுக்கான ஓட்டுக் கூரை, கீழிறங்கிய இறவாணம், காற்று புகுந்து போக மரஅழி, நடுவே முற்றம், அதிலிருந்து வெளியேறும் ஓடை. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தது என்று சொல்லும் அந்தக் கறுப்புத் தரை இன்னும் முகம் பார்க்கும்படி இருக்கிறது. 1601 வாக்கில் தொடங்கி, பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்தில் விரிவாகக் கட்டப்பட்டது. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனபிறகும் மரக்கட்டிடம் இத்தனை காலம் நிற்கிறது என்றால், உடைந்த ஓட்டை அந்தந்த மழைக்கு முன்னால் மாற்றியவர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம். 1956 நவம்பர் 1 அன்று இந்த மண் தமிழ்நாட்டோடு சேர்ந்தபின்னும் அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறைதான் பார்த்துவருகிறது. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற இடத்துக்குப் போகும்போது சின்னத்தைச் சுற்றியுள்ள பகுதி எப்படி இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். அரண்மனை ஒரு மாநிலத்தின் கையில், சுற்றியிருக்கும் தெருக்கள் இன்னொரு மாநிலத்தின் திட்டத்தில். அதனால் கோட்டைக்குள்ளும் அருகிலும் உள்ள உங்களைப் போன்றவர்களின் வீடுகளுக்கு என்ன விதி வருகிறது என்பது அரண்மனைக்கும் பெரிய விஷயம். இதை மனுவில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இனி கட்டிடத் தரம். பழைய வீட்டைக் காப்பாற்றச் சொல்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது தப்பு. பழைய வீடு என்பதற்காக ஆபத்தான வீட்டில் யாரும் தூங்கக்கூடாது. உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, உடனே ஆள் கூப்பிட வேண்டும். கழுக்கோல் சுவரில் சேரும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் அந்தக் கம்பை மாற்ற வேண்டும். முழுக் கூரையையும் மாற்றத் தேவையில்லை, இற்ற முனையை மட்டும் வெட்டிப் புதுக் கட்டை ஒட்டுப்போட நல்ல ஆசாரிக்குத் தெரியும். பழைய மின்கம்பி ஓடினால் இன்றைக்கே மாற்றுங்கள். மரக்கூரை வீட்டில் தீ பிடித்தால் அணைக்க நேரம் இருக்காது.

2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் அடித்தபோது என்ன நடந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். ஓடு பறந்த வீடுகளைப் பார்த்துவிட்டுப் பலர் ஓட்டைக் கழற்றி எறிந்து காங்கிரீட் போட்டார்கள். ஓரத்து வரிசை ஓடுகளைக் கம்பியால் கட்டி, கழுக்கோலை உத்தரத்தோடும் உத்தரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையால் பிணைத்தாலே கூரை காற்றை எதிர்த்து நிற்கும் வலு பலமடங்கு கூடும். இது மலிவான வேலை, ஒரு வாரத்தில் முடியும். ஓட்டு வீடு வைத்திருக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க அரசு ஒரு சின்னக் கையேடு போடலாமே.

காங்கிரீட் வீட்டின் நிலைமை வேறு. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456 நெறிமுறை 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடற்கரைச் சூழலுக்கு ஆளாகும் கம்பிக் காங்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது. அதற்கு எம் 30 தரக் காங்கிரீட்டும் (எண் கூடினால் வலு கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடலும் வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் சாதாரண வீடுகளுக்குப் போடுவது எம் 20 அளவுதான். கம்பிக்கு மேல் அரை அங்குலம் இருந்தாலே பெரிது. உப்புக்காற்று புகுந்து கம்பி துருப்பிடித்து வீங்கி, பதினைந்து இருபது வருடத்தில் கூரையின் அடிப்பகுதி பாளம் பாளமாகப் பெயர்கிறது. குளச்சல் பக்கம், மணக்குடிப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் பார்க்கலாம். கட்டிடத் தரத்தை உயர்த்துவது என்று அறிவிப்பில் எழுதியிருந்தால், கடற்கரையிலிருந்து இத்தனை தூரத்துக்குள் இந்தத் தரம் கட்டாயம், அதைச் சோதிக்க ஓர் ஆள் வருவார் என்று எழுதச் சொல்லுங்கள். 2024 முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. ஏழை எளியவர்களுக்கு அது நல்ல வசதி, நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த அனுமதிக்கு முன்னால் அதே மனையில் என்ன நின்றது என்று யாரும் கேட்பதில்லை. நூறு வருட வீடு ஒரு ஜேசிபிக்கு அரைநாள் வேலை. இடிப்பதற்கு முப்பது நாள் முன்னால் தகவல் கொடுக்க வேண்டும், அளவும் படமும் எடுத்துப் பதிவுசெய்ய வேண்டும், கதவும் தூணும் விற்கப்படுமுன் உள்ளூர்க்காரர் கேட்டு வாங்க வாய்ப்பு வேண்டும் என்று கேளுங்கள். இடிப்பதைத் தடுக்க முடியாவிட்டாலும் நினைவாவது மிஞ்சும்.

மனு எழுதும்போது வீட்டின் வயதுக்குச் சான்று வையுங்கள். நம் ஊரில் நிலைப்படியிலோ உத்தரத்திலோ கொல்லம் ஆண்டைச் செதுக்கும் வழக்கம் உண்டு. அதோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1078 என்றிருந்தால் 1902-03. பழைய ஆதாரங்களில் (பத்திரங்களில்) பல மலையாள எழுத்தில் இருக்கும், வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே வாசித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் படம், உள்ளே ஒவ்வொரு அறையும், எந்த மரம், எந்தச் சுவர், எந்த ஆண்டில் யார் என்ன மாற்றினார்கள் என்பதெல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்கும்.

அப்புறம் உங்கள் வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். தெருமுனையில் சுமைதாங்கிக் கல் இருக்கிறதா, வழிப்போக்கர் தங்கும் வழியம்பலம் இருக்கிறதா, படித்துறையோடு குளம் இருக்கிறதா, ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம் இருக்கிறதா? அதையெல்லாம் எழுதுங்கள். அரண்மனைக்கும் பெரிய கோயிலுக்கும் பேச ஆள் உண்டு. நாகர்கோவில் மணிமேடையை எடுக்கச் சொன்னால் ஊரே திரளும், 1893 முதல் அங்கே நிற்கிறது. சுமைதாங்கிக் கல்லுக்கு யார் வருவார்கள்? சாலை போடும்போது முதலில் காணாமல் போவது அதுதான். பழைய தேவாலயம், பள்ளிவாசல், குடும்பக் கோயில் விஷயத்தில் கவனமாகப் பேச வேண்டும். கூட்டம் பெருகிவிட்டது, பெரிதாகக் கட்டணும் என்ற ஆசை பக்தியிலிருந்து வருவது. அதை மதித்தே, பழையதைத் தியான மண்டபமாகவோ வாசகசாலையாகவோ வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியதைக் கட்டலாமே என்று கேட்கலாம்.

பணம் இல்லாமல் எதுவும் நடக்காது. புதுச்சேரி வைசியாள் வீதியில் பழைய வீடுகளின் முகப்பைச் சீரமைத்தபோது செலவில் ஒரு பங்கைச் சீரமைப்புத் திட்டமும் ஒரு பங்கை உரிமையாளரும் ஏற்றார்கள். ஒரு தெரு முழுதும் மறுபடி உயிர்பெற்றது. அதே போல இங்கேயும் வேண்டும். பட்டியலில் சேரும் வீட்டுக்குச் சொத்துவரிச் சலுகை, பழுதுபார்க்க மானியம், சுண்ணாம்பு வேலையும் மரவேலையும் தெரிந்த கொத்தனார் ஆசாரிகளின் பெயர்ப் பதிவு, அவர்களிடம் இளைஞர்கள் பழக உதவித்தொகை. இவை இல்லாமல் பட்டியலில் மட்டும் சேர்த்தால் உங்கள் அப்பா கோபப்படுவது நியாயம்.

மனுவில் இந்த வரிகளை அப்படியே போட்டுக்கொள்ளலாம்: "1956-க்கு முன் மண், வெட்டுக்கல், சுண்ணாம்பு, மரம் கொண்டு கட்டிய கட்டிடங்களுக்குத் தனிப் பழுதுபார்ப்பு நெறிமுறை வகுக்க வேண்டும். அவற்றின் சுவர்களில் சிமெண்ட் பூச்சைக் கட்டாயமாக்கவோ பரிந்துரைக்கவோ கூடாது. ஓடு மாற்றுதல், இற்ற மரம் மாற்றுதல், சுண்ணாம்புப் பூச்சு ஆகிய பணிகளுக்கு முன் அனுமதி தேவையில்லை, தகவல் கொடுத்தால் போதும் என்று விதியில் குறிப்பிட வேண்டும்." கடைசி வாக்கியம் மிக முக்கியம். உடைந்த ஓட்டை மாற்ற மூன்று மாதம் அனுமதிக்குக் காத்திருந்தால் அதற்குள் உத்தரம் இற்றுவிடும்.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் இன்னும் நாலு ஓட்டு வீட்டுக்காரர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்துத் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரே மனுவில் நாலு கையெழுத்தைவிட நாலு மனுவுக்குக் கனம் அதிகம். கூட்டம் நடக்கும் நாளில் அப்பாவையே பேசச் சொல்லுங்கள். வீட்டின் எந்தத் தூண் எந்த மரத்திலிருந்து வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.